சக்கரம் தரையை விடாதிருக்க
(திருமுக்கூடலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கலக்கும் இந்த ஸ்தலத்தில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் சந்நிதிக்கு அண்மையில், வழக்கமாக நடைபெறும் பிரசங்கங்களின் விஷயம் வேறு. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பதோ, இரண்டு கைகளால் தூக்கிவிடக்கூடிய ஒரு சிறிய கார். தூரத்தில் நின்றுகொண்டு ரேடியோ அலைகளால் ஓட்டப்படுகிற பந்தயக் கார். அந்தக் காரிலும், அதன் சஸ்பென்ஷன் எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் என்ற ஒரே ஒரு கேள்வி. குழந்தைகள் விளையாடும் பொருளைப் பற்றி இத்தனை பெரியவர்கள் கூடிய சபையில் பேசலாமா என்று யாருக்கேனும் சந்தேகம் தோன்றினால், சற்றுப் பொறுத்திருக்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன். இந்தச் சிறிய காரிடம் நாம் கேட்கும் கேள்வி, ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பெரிய காரிடம் கேட்கப்படுகிற கேள்வியேதான். ஆனால் பெரிய காரைவிடச் சிறிய கார் அதற்கு ஒளிவுமறைவின்றி விடை சொல்கிறது.

முதலில், சஸ்பென்ஷனில் இருக்கும் ஸ்பிரிங்கு எதற்காக? யாரிடம் கேட்டாலும், உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு வலிக்காமல் இருப்பதற்காக என்றே பதில் வரும். டவுன் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் பிரயாணம் செய்தவர்களுக்கு அந்தப் பதிலின் நியாயம் நன்றாகவே தெரியும். ஆனால் நான் சொல்லும் இந்தக் காரில் உட்கார்ந்திருப்பவர் யார்? முதுகு யாருடையது? வலி யாருக்கு? ஓட்டுகிறவர் தடத்தின் ஓரத்தில் ஒரு மேடைமேல் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். காருக்குள் இருப்பவை ஒரு பாட்டரி, ஒரு மோட்டார், முன்சக்கரங்களைத் திருப்புகிற ஒரு சர்வோ, சமிக்ஞையை வாங்குகிற ஒரு ரிசீவர், அவ்வளவே. இவற்றில் எதற்கும் சௌகரியம் வேண்டியதில்லை. அப்படியிருந்தும், மேடுபள்ளமான மண் தடத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பந்தயச் சிறுகாரை எடுத்துப் பார்த்தால், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே ஸ்பிரிங்கும், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பரும், அவற்றைப் பொருத்துவதற்கு ஒன்றுக்கு நான்காகத் துளைகளும் இருக்கக் காண்கிறோம். மனிதரே இல்லாத வண்டிக்கு இத்தனை உபசாரம் ஏன்?

ஏனென்றால் ஸ்பிரிங்கின் முதற்கடமை சக்கரத்தைத் தரையோடு சேர்த்து வைப்பது. மோட்டாரின் சக்தி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பிரேக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், ஓட்டுகிறவரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், இவை மூன்றும் தரையை எட்டுவதற்கு இருக்கும் வழி நான்கு டயர்கள் மண்ணைத் தொடும் நான்கு சிறு இடங்களே. சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி அந்தரத்தில் நிற்கும் அந்தக் கணத்தில், சக்தியும் இல்லை, பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை. கார் யாருடைய சொல்லையும் கேட்பதில்லை. மனிதருக்குச் சௌகரியம் கிடைப்பது இந்தக் கடமையின் ஓரத்தில் கிடைக்கும் பிரசாதம். மனிதரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் இந்த உண்மை இவ்வளவு தெளிவாகப் புலப்படுகிறது. ஆகையால்தான், சஸ்பென்ஷன் என்னும் சாஸ்திரத்தைக் கற்க விரும்பும் மாணவன் இந்தச் சிறிய காரிலிருந்து தொடங்குவது உத்தமம் என்று நான் கருதுகிறேன்.

இந்த விஷயம் உங்கள் ஊருக்குப் புதிதன்று. பொங்கலை ஒட்டி நடைபெறும் பார்வேட்டை உற்சவத்துக்காகக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, மலைமேல் சேவை சாதித்து, பின்பு பாலாற்றைக் கடந்து இங்கே வந்து சேர்வதை நீங்கள் ஆண்டுதோறும் தரிசித்திருக்கிறீர்கள். அடுத்தமுறை பெருமாளைச் சேவித்துவிட்டு, சுவாமியைத் தோளில் சுமந்து வருகிற ஸ்ரீபாதம் தாங்கிகளின் முழங்கால்களையும் ஒரு முறை பாருங்கள். தார்ச்சாலையில் அவர்களுக்கு ஒரு நடை. மலைப்பாதையில் வேறொரு நடை. ஆற்று மணலில் மற்றொரு நடை. முழங்காலை விறைத்துக்கொண்டு ஒருவர் நடந்தால், ஒவ்வொரு பள்ளமும் நேரே தோளுக்கு ஏறி, வாகனமே குலுங்கிப்போகும். அதற்கு மாறாக முழங்காலைத் தளரவிட்டுவிட்டாலோ, ஒருமுறை தொடங்கிய ஆட்டம் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். வளைந்து கொடுக்கவும் வேண்டும். வளைந்த பிறகு ஆட்டத்தை அடக்கவும் வேண்டும். முன்னதைக் காரில் ஸ்பிரிங்கு செய்கிறது, பின்னதை ஷாக் அப்சார்பர் செய்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்வதே இளைஞர்கள் செய்யும் பிழைகளில் மிகுதியானவற்றுக்கு மூலம்.

விறைப்பே வலிமை, விறைப்பே வேகம் என்று எண்ணும் மயக்கம் சிறுவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. உலகத்தின் தலைசிறந்த எஞ்சினியர்களையும் அது பற்றியிருந்தது. 1934-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியார் W25 என்ற பந்தயக் காரைக் களத்தில் இறக்கினார்கள். முதலில் வெற்றிகள் குவிந்தன. ஆனால் 1936-ஆம் ஆண்டில், எஞ்சினின் சக்தி முன்னிலும் மிகுந்திருந்தும், அந்தக் கார்கள் தோல்விமேல் தோல்வி கண்டன. கம்பெனியார் பருவத்தின் இடையிலேயே பந்தயங்களிலிருந்து விலகிக்கொள்ளும்படி ஆயிற்று. எங்கே பிழை? அப்பொழுது முப்பது வயதே ஆகியிருந்த ருடால்ஃப் ஊலன்ஹவுட் என்ற எஞ்சினியரிடம் பந்தயக் கார்களின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் செய்த காரியத்தை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். வரைபடங்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யோசிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. நூர்பர்க்ரிங் தடத்துக்குப் போய், தாமே காரை ஓட்டிப் பார்த்தார்.

அவர் கண்டது என்ன? ஸ்பிரிங்குகள் மிதமிஞ்சி விறைப்பாக இருந்தன. காரின் சட்டமோ போதிய உறுதி இல்லாமல் இருந்தது. தரையிலிருந்து வந்த அடியை வாங்கவேண்டிய ஸ்பிரிங்கு அதை வாங்க மறுத்துவிடவே, அந்த அடியைச் சட்டம் வாங்கி முறுக்கிக்கொண்டது. வளையவேண்டியது வளையாமல், வளையக்கூடாதது வளைந்தது. இதைக் கண்டுகொண்ட ஊலன்ஹவுட், 1937-ஆம் ஆண்டுக்குரிய W125 காரில் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார்: சட்டத்தை உறுதியாக்கினார், ஸ்பிரிங்கை மெதுவாக்கினார், சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்தையும் அதிகமாக்கினார். அந்த ஆண்டின் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை அந்தக் காரில் ருடால்ஃப் காரட்சியோலா வென்றார். வேகமாக ஓடவேண்டுமானால் மெதுவான ஸ்பிரிங்கு வேண்டும் என்ற பாடம் அன்றைக்கு எத்தனை பேருக்கு விபரீதமாகத் தோன்றியிருக்கும்! ஆயினும் தரை அந்தப் பாடத்தை ஒப்புக்கொண்டது.

மெதுவான ஸ்பிரிங்கே எக்காலத்திலும் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1970-களின் பிற்பகுதியில், லோட்டஸ் 79 போன்ற கார்கள் காற்றின் ஓட்டத்தையே பயன்படுத்தித் தம்மைத் தரையோடு அழுத்திக்கொள்ளத் தொடங்கியபோது, காரின் உயரம் சிறிது மாறினாலும் அந்த அழுத்தம் கெட்டுப்போகும் என்பதனால், ஸ்பிரிங்குகள் மீண்டும் விறைத்துக்கொண்டன. தரையும் காற்றும் வேகமும் மாறினால் விறைப்பும் மாறவேண்டும். ஆகையால், எது நல்ல விறைப்பு என்று தரையைக் காட்டாமல் ஒருவர் கேட்பாராயின் அதற்கு விடை கிடையாது.

இனி நம்முடைய சிறிய காருக்கு வருவோம். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனியார், தங்கள் முதல் ரேடியோ காராகப் போர்ஷ 934 என்பதன் சிறுவடிவத்தை 1976-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 1979-ஆம் ஆண்டில் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்னும் கார்கள் மணலிலும் மண்ணிலும் ஓடுவதற்கென்றே பிறந்தவை. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அசோசியேட்டட் கம்பெனி வெளியிட்ட ஆர்.சி. 10 என்ற காரில், பொன்னிறம் ஏற்றிய அலுமினிய அடித்தட்டும், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்களும், அவற்றைத் திருத்தி அமைப்பதற்கான வசதிகளும் ஒன்றுசேர்ந்து வந்தன; வாங்கியவர் தம் தடத்துக்குத் தக்கவாறு தாமே திருத்திக்கொள்ளும் வண்டியாகச் சிறுகார் மாறியது. அந்தத் துறையில் ஜப்பானியரான மசாமி ஹிரோசாகா 14 உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார் என்றால், இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட நமக்கு மனம் வருமா?

இப்பொழுது சற்றுக் கணக்குப் பேசவேண்டும். மாணவர்கள் கவனமாகக் கேட்கவேண்டும்; மற்றவர்கள் சலித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும். இந்த ஊர்ச் சாலையில் ஜல்லி ஏற்றிப் போகும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலியாகத் திரும்பும் லாரி சாலையில் தடதடவென்று துள்ளுகிறது. அதே லாரி முழுச் சுமையோடு வரும்போது மெல்ல அசைந்து ஆடி வருகிறது. ஸ்பிரிங்குப் பட்டை ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? தன் எடையினால் வண்டி ஸ்பிரிங்கின்மேல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ அதுவே அதன் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் விநாடிக்கு ஓர் ஆட்டம். 6 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் விநாடிக்கு இரண்டு. 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் விநாடிக்கு ஐந்து. பூமியின் ஈர்ப்பிலிருந்து வருகிற கணக்கு இது. வண்டி பெரிதா சிறிதா என்று இது கேட்பதில்லை.

இதிலிருந்து பிறக்கும் அதிசயத்தைக் கவனியுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறுகார் தரையிலிருந்து இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. அது 25 சென்டிமீட்டர் அமிழ்வது எங்ஙனம்? வயிறு தரையில் பட்டுவிடுமே! ஆகவே அது ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே அமிழ்ந்து, விநாடிக்கு நான்கு ஐந்து முறை ஆடியே தீரவேண்டும். பெரிய கார்களைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினோமே ஒழியப் பூமியின் ஈர்ப்பைச் சுருக்க நம்மால் ஆகவில்லை. ஆகையால் பெரிய காரில் நாம் கண்ணால் பார்த்துச் சொல்லும் ஆட்டமெல்லாம் சிறிய காரில் கண் இமைக்கும் பொழுதுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதைத் திருத்துகிறவன் காரின் நடத்தையிலிருந்து காரணத்தை ஊகித்து அறியவேண்டியிருக்கிறது. அநுமானம் என்று நம் தர்க்க சாஸ்திரிகள் சொன்னார்களே, அந்தப் பிரமாணத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் அறியேன்.

ஸ்பிரிங்கின் விறைப்பை எப்படி அளப்பது? ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட நியதி இன்றும் நம் கையில் இருக்கிறது: எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த விகிதத்திலேயே ஸ்பிரிங்கு சுருங்கும். சமையலறையில் இருக்கும் மின்தராசின்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, ஓர் அளவுகோலை அருகில் வைத்து, 5 மில்லிமீட்டர் அழுத்தித் தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 10 மில்லிமீட்டர் அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முதலாவதைப்போல் இரு மடங்காக இருந்தால் உங்கள் அளவு சரி. கம்பெனிகள் ஸ்பிரிங்குகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வர்ணம் பூசி விற்கிறார்கள். ஒரு கம்பெனியின் சிவப்பு மற்றொரு கம்பெனியின் சிவப்புக்கு ஒப்பாக இருக்கவேண்டும் என்ற விதி கிடையாது. வர்ணத்தை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்.

கம்பியின் பருமன் விறைப்பை எவ்வளவு ஆள்கிறது தெரியுமா? பருமனின் நான்காம் அடுக்கின்படி. கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தால், விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு காரின் குணத்தையே மாற்றிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கையோ இதற்கு எதிராக வேலை செய்கிறது. பெரிய காரைத் தாழ்த்தவேண்டும் என்று பட்டறையில் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அறுத்துவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஸ்பிரிங்கு குட்டையாகிறது, ஆகையால் மெதுவாகும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் மீதியுள்ள சுற்றுகள் குறைந்துவிட்டபடியால் அது முன்னிலும் விறைப்பாகிறது. பெரிய காரில் தயவுசெய்து யாரும் அந்தக் காரியத்தைச் செய்யவேண்டாம்.

ஸ்பிரிங்கையே மாற்றாமல் விறைப்பை மாற்றும் உபாயமும் உண்டு. ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, சக்கரத்தைத் தாங்கும் கையில் எந்தத் துளையில் மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கையின் நீளத்தில் சரிபாதியில் அது மாட்டப்பட்டிருந்தால், சக்கரம் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதி என்றுதானே நினைப்பீர்கள்? பாதியில் பாதி; அதாவது கால்பங்கு. ஏனெனில் விசையும் பாதியாகிறது, ஸ்பிரிங்கு சுருங்கும் தூரமும் பாதியாகிறது. இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று பெருக்கிக்கொள்கின்றன. ஆகவே ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டுவது சிறிய காரியம் என்று அலட்சியம் செய்தல் கூடாது.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தெளிவித்துவிடுகிறேன். ஷாக் அப்சார்பரின் உடம்பில் திருகிக்கொண்டு இறங்கும் ஒரு வளையம் இருக்கிறது. அதை இறக்கினால் ஸ்பிரிங்கு விறைப்பாகிறது என்று அநேகர் சாதிக்கிறார்கள். கையால் அழுத்திப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த வளையம் செய்வதெல்லாம் காரின் உயரத்தை உயர்த்துவதுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு அதனால் மாறுவதில்லை. கை சொல்வதைத் தராசு மறுத்துவிடும்.

இனி, இந்தச் சொற்பொழிவின் மையமான இடத்துக்கு வருகிறோம். வளைவில் கார் திரும்பும்போது, உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைந்து வெளிப்பக்கச் சக்கரத்தின் பாரம் கூடுகிறது. பாரம் கூடினால் பிடிப்பும் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாரம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. அதைவிடச் சற்றுக் குறைவாகவே வளர்கிறது. டயரின் ரப்பருக்கு இயற்கையாக அமைந்த சுபாவம் அது. இதன் பலன் என்ன? ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களுக்குள் பாரத்தின் வேற்றுமை வளர வளர, அந்த இரண்டும் சேர்ந்து தரும் பிடிப்பு குறைகிறது. எந்தப் பக்கத்தை நாம் விறைப்பாக்குகிறோமோ, அந்தப் பக்கம் அந்த வேற்றுமையில் அதிகப் பங்கை வாங்கிக்கொள்கிறது. ஆகவே, முன்பக்கத்தை விறைப்பாக்கினால் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்; கார் திரும்ப மறுத்து நேரே ஓடும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வால் சுழன்று கார் திசைமாறி நிற்கும்.

இது எவ்வளவு தெளிவான நியதி! ஆனால் தடத்தின் ஓரத்தில் நடப்பது என்ன? வால் சுழல்கிறது, இளைஞன் பதறுகிறான், பின்பக்கம் அடங்கவில்லை, அடக்கவேண்டும் என்று நினைக்கிறான், அடக்குவதென்றால் இறுக்குவது என்று எண்ணி, பின்பக்கத்தில் விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டுகிறான். கார் முன்னிலும் மோசமாகச் சுழல்கிறது. இன்னும் விறைப்பானதைத் தேடுகிறான். பொறியியல் கல்லூரிகளின் தொழில்நுட்ப விழாக்களில் ரிமோட் கார்ப் போட்டிகள் நடப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. அந்த இளைஞனுக்கு அறிவு குறைவா? இல்லை. உழைப்பு குறைவா? இல்லவே இல்லை. அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை: சுழலும் பக்கத்தை மெதுவாக்கு, அல்லது எதிர்ப்பக்கத்தை விறைப்பாக்கு என்று. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாணவர்கள் எடுத்துக்கொண்டு போனால் நான் வந்த காரியம் நிறைவேறிற்று.

இதற்கும் எல்லை உண்டு. கம்பளம் விரித்த உள்ளரங்கத் தடங்களில் பிடிப்பு அபரிமிதமாக இருக்கும். அங்கே மெதுவான ஸ்பிரிங்குள்ள கார் வளைவில் சாய்ந்து, சாய்ந்தபடியே கவிழ்ந்துவிடும். அங்கே விறைப்புத்தான் காப்பாற்றும். நம் ஊர்ப் பொட்டலில், செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில், மெதுவான ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கி, கார் வயிறு தட்டுகிறபோது மட்டும் சிறிது சிறிதாக விறைப்பை ஏற்றிச் செல்வதே சரியான முறை என்பது என் அபிப்பிராயம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக் அப்சார்பருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. சிலிகோன் எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே நெருங்கிப் புகுந்து செல்லும்போது ஆட்டத்தின் வேகம் அடங்குகிறது. எண்ணெய் தடித்தால் அடக்கம் அதிகம். மெலிந்தால் அடக்கம் குறைவு. தடித்த எண்ணெயை மிதமிஞ்சி நிரப்பிவிட்டால், ஒரு மேட்டில் மேலேறிய சக்கரம் அடுத்த பள்ளத்துக்குள் இறங்க நேரமில்லாமல் மேலேயே தங்கிவிடும். அது ஸ்பிரிங்கே இல்லாததற்குச் சமம். இங்கே நம் தேசத்து வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். வெப்பம் ஏறினால் எண்ணெய் மெலிகிறது. எஞ்சின் எண்ணெயைவிடச் சிலிகோன் எண்ணெய் குறைவாகவே மெலியும் என்றாலும், சித்திரை மாதத்துக் காலை ஏழு மணிக்கு ஒழுங்காக ஓடிய கார் பிற்பகல் இரண்டு மணிக்கு அதே தடத்தில் துள்ளத் தொடங்கினால், ஸ்பிரிங்கின்மேல் பழிபோடாமல் எண்ணெயின்மேல் சந்தேகப்படுங்கள். குளிர்தேசத்தார் எழுதிவைத்த எண்ணெய் அளவுகளை அப்படியே பின்பற்றுவது இங்கே பயன் தராது. ஒரு படி தடித்ததை எடுத்துக்கொள்ளவேண்டும். எண்ணெயில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புவதற்குப் பொறுமை வேண்டும். பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் எல்லாம் எழுந்து அடங்கும்வரை காத்திருக்கவேண்டும்.

நம் நாட்டுக்கும் இந்தச் சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவேண்டாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்தகாலத்தில் அமைந்த விமான ஓடுதளத்தின்மேல் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பந்தயத் தடம் ஏற்பட்டது; அது இந்த மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருக்கிறது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைச் செய்து, எளிய விலையில் இளைஞர்கள் பந்தயம் பழக வழிசெய்தார்; அவர் பெயரைத் தாங்கிய தடம் இன்றும் அந்த நகரத்தின் அருகே உள்ளது. அதே கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-ஆம் ஆண்டில் அவரைப் பின்தொடர்ந்தார். ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கார்த் தொழிற்சாலைகள். நம் பிள்ளைகளில் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். போல்ட்டை முடுக்குகிற வேலையோடு அவர்கள் நின்றுவிடவேண்டுமா? அந்தக் கார் ஏன் அப்படித் திரும்புகிறது என்று சொல்லக்கூடியவர்களாகவும் அவர்கள் ஆகவேண்டாமா?

ஆகவேண்டுமானால் எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யவேண்டும். ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் டயரையும் ஒருங்கே மாற்றிவிட்டுக் கார் தேறிவிட்டது என்று மகிழ்கிறவனுக்கு எது தேற்றியது என்று தெரியாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டயரோடு, ஒரே அளவு ஏற்றிய பாட்டரியோடு, ஒரே ஆள் ஓட்டி, சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்கவேண்டும். பிறகு பழைய நிலைக்குத் திருப்பி, பழைய நேரமே திரும்ப வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். வராவிட்டால், மாறியது காரல்ல. தடமோ வெயிலோ ஓட்டுகிறவரின் கையோ மாறியிருக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அளவோடு எழுதிவைக்கும் மரபுக்கு இந்த ஊரைவிடச் சிறந்த சாட்சி எங்கே உண்டு? 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் இந்தக் கோயிலின் சுவரில் வெட்டிய சாசனத்தை நீங்கள் அறிவீர்கள். இங்கே இருந்த ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையில் 15 படுக்கைகள் என்று அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வோர் என்று ஒவ்வொருவரையும் குறித்து, அவர்களுக்குரிய நெல்லின் அளவையும் குறித்து, சாலையில் வைத்திருக்கவேண்டிய மருந்துகளைப் பெயர் பெயராக அளவோடு எழுதியிருக்கிறது. நிறைய மருந்து இருந்தது என்று எழுதி நிறுத்திக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. கல்லில் உளி கொண்டு எழுதவேண்டியிருந்தபோதே அவ்வளவு நுட்பமாக எழுதினார்கள் என்றால், நம் கையில் பேனாவும் நோட்டுப் புத்தகமும் இருக்கும்போது, முன் ஸ்பிரிங்கு எத்தனை கிராம், எண்ணெய் எந்த எண், பிஸ்டனில் எத்தனை துளை, தரை ஈரமா காய்ந்ததா, மணி என்ன என்று எழுதாமல் விடுவதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஊராட்சியைச் சேர்ந்த பெரியவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. அந்நிய தேசத்துப் பந்தயக் கார்கள் விலை உயர்ந்தவை. அவற்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கு ஒரு கார் போதும். அதை வைத்துக்கொண்டு பத்துப் பிள்ளைகள் முறைவைத்து ஸ்பிரிங்கு மாற்றிப் பழகலாம். அவர்களுக்கு அகப்படாமல் இருப்பது இடம். சாலையில் ஓட்டினால் லாரி வருகிறது. கோயில் வீதியில் ஓட்டினால் பெரியவர்களுக்கு இடைஞ்சல். பள்ளி மைதானத்தின் ஒரு மூலையையோ ஊர்ப் பொட்டலில் ஒரு பகுதியையோ அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். இரண்டு வளைவும் ஒரு மேடும் உள்ள மண் தடத்தை மண்வெட்டி கொண்டு அவர்களே அமைத்துக்கொள்வார்கள். கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். தாய்மார்கள் சமையலறைத் தராசை ஒரு நாள் இரவல் கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் தவறாமல் அனுப்புங்கள்.